நரம்புத் தளர்ச்சி என்று எழுதினேன்

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் திண்டுக்கல்லிலிருந்து ஒரு மதுரைத் தினசரிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மணிக்கூண்டுக்கு அருகே ஒரு மாடி அறை. அதில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. செய்தி அனுப்புகிறவனே விளம்பரமும் சேர்த்துத் தர வேண்டும் என்பது சிறு ஊர் நிருபர்களுக்கு அன்று இருந்த ஏற்பாடு. காலையில் கோர்ட்டு, நகராட்சி, தோல் மண்டி. மத்தியானத்துக்கு மேல் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, லாட்ஜ்.

பஸ் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த ஒரு லாட்ஜில், மாதத்தில் முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளியூர் வைத்தியர் ஒருவர் வந்து தங்குவார். வெள்ளைக் கோட்டு, தங்க விளிம்பு போட்ட மூக்குக்கண்ணாடி, இரண்டு தோல் பெட்டி. மாடியில் கடைசி அறை. வருகிறவர்கள் பின்பக்கப் படி வழியாகப் போகலாம் என்பதால்தான் அந்த அறையை எடுத்திருந்தார். கிராமங்களிலிருந்து வந்த வாலிபர்கள் எதிரே இருந்த டீக்கடையில் செத்த நேரம் நின்று, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று சந்துக்குள் திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவருடைய விளம்பரத்தை முதல்முறை நான் எழுதி அனுப்பியபோது, அதில் 'ஆண்மைக் குறைவு' என்று இருந்தது. மதுரை அலுவலகத்திலிருந்து தாள் திரும்பி வந்தது. அந்த இரண்டு சொற்களின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் 'குடும்பங்கள் வாசிக்கும் பத்திரிகை' என்று ஒரு குறிப்பு. நான் கொஞ்சம் யோசித்து, டானிக் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் பட்ட ஒரு சொல்லை அங்கே போட்டேன். நரம்புத் தளர்ச்சி. அதை யாரும் அடிக்கவில்லை.

அடுத்த மாதம் வைத்தியர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இந்த வார்த்தைதான் தம்பி வேணும். சம்சாரம் பக்கத்துல உக்காந்திருக்கயிலயும் சத்தமா வாசிக்கலாம் பாருங்க."

இரண்டு மூன்று வருஷம் அந்த விளம்பரம் மாதம் தவறாமல் வந்தது. ஊரில் அந்தச் சொல் நன்றாகப் பரவியிருந்தது. டீக்கடையில் ஒருவன் இன்னொருவனைக் கேலி செய்ய, "என்னலே, நரம்புத் தளர்ச்சியா?" என்பான். எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். அர்த்தம் தெரிந்ததாலேயே, அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லாமல் போயிற்று.

என் தங்கையைக் கன்னிவாடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பா காலமாகிவிட்டதால் சம்பந்தம் பேசியது நான்தான். மாப்பிள்ளைக்கு முப்பது வயது. கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் கனகாம்பரமும் போட்டிருந்தார். அதிகம் பேசாதவர். அவருடைய அப்பா முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் கல்யாணம் ஆகாத ஒரு தங்கையும் இருந்தார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் ஒல்லி என்று என் அம்மா சொன்னாள். உழைக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து, ஆடிக்கு வந்த தங்கை ஆவணி பிறந்தும் திரும்பிப் போகவில்லை. அழைத்துப்போக யாரும் வரவுமில்லை. அம்மா இரண்டு நாள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் அடுப்படியில் வைத்துக் கேட்டாள். நான் அடுத்த அறையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். இடையில் இருந்தது பாதிச் சுவர்தான்.

"ஏத்தா, குளிச்சிட்டியா இந்த மாசம்?"

"குளிச்சேன்."

"ஒண்ணும் தங்கலையா?"

 அம்மிக்கல் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவளே சொன்னாள்: "எப்படித் தங்கும்? மனுசன் வீட்டுல படுத்தாத்தானே. மொத மூணு நாலு மாசம் நல்லாத்தான் இருந்தாரு. அப்பறம் தோட்டத்துல காவல்னு மோட்டார் ரூமுக்குப் போயிட்டாரு. மழைக்கும் அங்கதான், பனிக்கும் அங்கதான்."

"தொடுப்பு கிடுப்பு இருக்காடி?"

"ஊருல அப்படித்தான் பேசிக்கிறாக. எனக்குத் தெரியல. என்னையப் பிடிக்கல, அம்புட்டுத்தான். மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசுறதில்ல. நான் கிட்டக்கப் போனா எந்திரிச்சுப் போயிருவாரு."

அம்மா குரலைத் தாழ்த்தி வேறொரு கேள்வி கேட்டாள். அது என் காதில் விழவில்லை. பதில் விழுந்தது.

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நான் யார்கிட்டப் போயி ஒத்துப் பாக்குறது?"

அடுத்த வாரம் அம்மா அவளை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதை, அம்மா ஏதோ பரீட்சையில் தேறிவிட்டதைப் போல உறவுக்காரர்கள் இரண்டு பேரிடம் சொன்னாள். தங்கைக்கு அது ஒரு ஆறுதலாகவும் இல்லை. குறை உடம்பில் இல்லை என்றால் பிடிக்காமல் போனதற்கு வேறு என்ன காரணம் என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் அவள் நிற்கிற நேரம் கூடிப்போனதை நான் கவனித்தேன்.

அந்த மாதக் கடைசியில் மாப்பிள்ளை என் மாடி அறைக்கு வந்தார். பகல் பதினொரு மணி இருக்கும். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கூஜாவில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார். கீழே டீக்கடைப் பையனிடம் இன்னொரு கூஜா தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன். அதிலும் பாதியைக் குடித்தார். கல்யாணத்தன்று பார்த்த உருவத்தில் முக்கால்வாசிதான் இருந்தது. சட்டை தோளிலிருந்து தொங்கியது.

"மச்சான், ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. எனக்கு நரம்புத் தளர்ச்சி" என்றார்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். மூடியில் லாட்ஜ் வைத்தியரின் முத்திரைச் சீட்டு. "இது எட்டாவது டப்பா. ரெண்டு வேளையும் கொட்டப்பாக்கு அளவு, பால்ல. கேக்கல. போன மாசம் டவுனுல ஒரு டாக்டர்ட்டயும் போனேன். என்ன செய்யிதுன்னு கேட்டாரு, நரம்புத் தளர்ச்சின்னேன். அவரு சிரிச்சுக்கிட்டு, கல்யாணமாகி எம்புட்டு நாளாச்சுன்னாரு. சத்து ஊசி பத்து எழுதிக் குடுத்தாரு. அதுவும் கேக்கல."

அந்த வைத்தியரை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பேப்பர்ல பாத்தேன்" என்றார்.

அந்த விளம்பரத்தை எழுதியது யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

திண்டுக்கல்லில் அப்போது ஒரு பெரியவர் இருந்தார். பட்டாளத்தில் வெகுகாலம் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கைராசிக்காரர் என்ற பெயர் அவருக்கு இல்லை. கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார் என்பார்கள். அதனால் கூட்டம் குறைவு. ஒரு தகராறு வழக்கில் காயச் சான்றிதழ் விஷயமாக எனக்குப் பழக்கம். அன்று மாலையே மாப்பிள்ளையை அவரிடம் அழைத்துப்போனேன்.

"என்ன தொந்தரவு?"

"நரம்புத் தளர்ச்சிங்கய்யா."

"அது பேப்பர்ல போடுற பேரு. ஒங்களுக்கு என்ன செய்யிது, அதச் சொல்லுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். டாக்டர், "நீங்களும் இருங்க. இவரு சொல்ல மாட்டாரு, நாளைக்கு நீங்கதான் ஞாபகப்படுத்தணும்" என்று என்னை உட்கார வைத்தார். பிறகு, பல்வலிக்குக் கேட்பதைப் போல் சாதாரணமாக, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"சம்சாரத்து மேல ஆசை இருக்கா?"

"இருக்குங்கய்யா."

"நெனப்பு வருது, ஆனா விறைப்பு வரல. அப்படித்தானே?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்துத் தலையசைத்தார்.

"திடீர்னு ஒரு நாள் நின்னுபோச்சா, கொஞ்சங் கொஞ்சமாக் கொறஞ்சுச்சா?"

"கொஞ்சங் கொஞ்சமாத்தான். மொதல்ல பாதியில விட்டுச்சு. அப்பறம் சுத்தமா இல்ல."

"விடியக்காலைல முழிக்கிறப்போ? ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு எந்திரிப்பீங்கள்ல, அப்ப விறைப்பா இருக்கா?"

"சின்ன வயசுல இருந்துச்சு. ஒரு வருசத்துக்கு மேலாச்சு, இல்ல."

இந்தக் கேள்வியை எதற்காகக் கேட்டார் என்பதைப் பிற்பாடு எனக்கு விளக்கினார். மனக்கவலையால், பயத்தால், பெண்டாட்டியோடு சண்டையால் ஒருவனுக்கு இது நின்றுபோனால், தூங்கும்போது உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். விடியற்காலையில் அது தெரியும். தூக்கத்திலும் நின்றுவிட்டது என்றால் கோளாறு மனசில் இல்லை, கீழே இருக்கிறது. ஆசைப்படுவது ஓரிடம், அதற்கு உடம்பு இசைவது வேறோரிடம், இரண்டுக்கும் நடுவில் கம்பி போகிறது என்றார். தன்னிடம் வருகிற பத்துப் பேரில் பெரும்பாலோருக்குக் கம்பியில் கோளாறு இருக்காது, பயம்தான். பயத்தைப் பேசித் தீர்த்துவிடலாம். இவருக்கு அப்படியில்லை.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போறீங்க?"

அதற்கு மாப்பிள்ளை உற்சாகமாகவே பதில் சொன்னார், அந்தக் கேள்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதால். பகலில் எண்ணிக்கை இல்லை. தோட்டத்தில் வரப்புக்கு வரப்பு உட்கார வேண்டியிருக்கிறது. அவருடைய அப்பாவுக்கும் இதே போலத்தான் என்றும், கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் காலில் புண் வந்து ஆறவே இல்லை என்றும் தானாகவே சொன்னார்.

டாக்டர் அவரைத் திரைக்குப் பின்னால் அனுப்பினார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்து கொஞ்சம் ஊற்றி, மாப்பிள்ளை கொண்டுவந்த சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தாங்கியில் வைத்தார். 

பிறகு மாப்பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்து முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் லேசாக உதறியது. குதிகாலுக்கு மேலே தட்டினார். அசைவில்லை. இரண்டு பிரிவாகக் கிளைத்த ஓர் எஃகுக் கம்பியைத் தட்டி, அது ரீங்காரமிடும்போதே அடிப்பகுதியை மாப்பிள்ளையின் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

"என்ன தெரியுது?"

"சத்தம் கேக்குதுங்கய்யா."

"காதுல கேக்குறதச் சொல்லல. கால்ல அதிருதா?"

"கால்ல ஒண்ணும் தெரியல."

அதையே நெஞ்செலும்பில் வைத்தார். மாப்பிள்ளை சிறு பிள்ளையைப் போலத் திடுக்கிட்டு, "ஆமா, உள்ள சுர்ருங்குது" என்றார். கடைசியாக டாக்டர் டப்பாவைத் திறந்து லேகியத்தை விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"இது பாதிக்கு மேல வெல்லமும் தேனும். எத்தன மாசமாச் சாப்புடுறீங்க?"

"எட்டு மாசமா."

டாக்டர் எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

மாப்பிள்ளைக்கு நீரிழிவு. அது வெகுநாளாகக் கவனிக்கப்படாமல் கிடந்து நரம்புகளைத் தின்றிருக்கிறது. காலில் உள்ளவற்றை மட்டுமல்ல, மற்றவற்றையும். டாக்டர் அதை எங்களிடம் சொன்ன விதம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. "வேடிக்கை என்னன்னா, இவரு சொன்ன பேரு சரிதான். நெசமாவே நரம்புதான் போயிருக்கு. ஆனா அந்தப் பேரைக் கேட்டா எங்க ஆளுக எவனும் நரம்பத் தொட்டுப் பாக்க மாட்டான்."

 வெளியே ஒரு மாட்டுவண்டி மறித்துக்கொண்டு நின்றதால் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

இன்சுலின் ஊசி தினமும் போட வேண்டும், பாட்டிலை ஈர மணலில் பானைக்கு அடியில் வைக்கலாம், இனிப்பும் அரிசியும் எவ்வளவு குறைய வேண்டும் என்பதையெல்லாம் டாக்டர் தாளில் எழுதினார். சர்க்கரை அடங்கும், எடை ஏறும், தாகம் நிற்கும் என்றார். மாப்பிள்ளை காத்திருந்து, கடைசியில் தானே கேட்டார்.

"அது வருமாய்யா?"

"வரலாம். வராமலும் போகலாம். இம்புட்டுத் தூரம் போன நரம்பு திரும்புமான்னு நான் பொய் சொல்ல மாட்டேன்." பிறகு, "ஆனா ஒங்களுக்கு ஆசை போகல. கையி காலு போகல. பக்கத்துல படுக்கவும் தொட்டுப் பேசவும் எந்த நரம்பும் கெட்டுப்போகல. சம்சாரத்துக்குத் தெரியுமா இது?" என்றார்.

"தெரியாதுங்கய்யா."

"அப்ப வேற யாருக்குத்தான் சொல்றதா உத்தேசம்? மொதல்ல அந்தம்மாவுக்குச் சொல்லுங்க. கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன். ஊசி போடக் கத்துக்கிறதுக்கும் வீட்டுல ஒரு ஆள் வேணும்ல."

வெளியே வந்ததும் இருவரும் மணிக்கூண்டு வரை நடந்தோம். தங்கையை மறுநாளே டாக்டரிடம் அழைத்துவருவதென்று நான் மனதில் முடிவு செய்திருந்தேன். அப்போது மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல.

"மச்சான், இது யாருக்கும் தெரியக்கூடாது. ஒங்க தங்கச்சிக்கும்."

"ஏன் மாப்ள? சீக்குதான. குத்தமா?"

"எங்க தங்கச்சிக்கு செம்பட்டியில பேசிக்கிட்டிருக்கோம். எங்கப்பாவுக்கு இருந்துச்சு, இப்ப எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சா, ரத்தத்துல உள்ளதுன்னு சொல்லிருவாக. அந்தப் புள்ள வீட்டோட உக்காந்துரும். எனக்குக் கொறைன்னு சொன்னா அது என்னோட போயிரும். சீக்குன்னு சொன்னா வீட்டுக்கே."

"அவட்ட மட்டுமாவது சொல்லிருவோமே. அவ யாருகிட்டச் சொல்லப்போறா?"

"ஒங்க தங்கச்சி ஒங்கம்மாகிட்டச் சொல்லும். ஒங்கம்மா?" என்று நிறுத்திக்கொண்டார்.

என் அம்மாவைப் பற்றி அவர் சொன்னது சரிதான். அதோடு எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. இதை எழுதும்போது அதை விட்டுவிட முடியாது. சீக்கு என்று தெரிந்தால் தங்கை போய்விடுவாள். ஊசியும் பத்தியமுமாக, பிள்ளை இல்லாமல், அவருக்குப் பணிவிடை செய்துகொண்டு இருந்துவிடுவாள். அவளுடைய குணம் எனக்குத் தெரியும். ஊர்ச்சபையில் கல்யாணத்தை அத்துவிட்டால், அவளுக்கு இருபத்திரண்டு வயதுதான். எங்கள் பக்கத்தில் மறுகல்யாணம் உண்டு. நல்ல இடம் பார்க்கலாம். மாப்பிள்ளை கேட்ட சத்தியத்தைச் செய்து கொடுத்தபோது அவருக்கு உபகாரம் செய்வதைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில், அத்துவிடுவது பற்றிப் பேச, அவர்கள் ஊர்ச் சாவடியில் கூடினோம். காலை பத்து மணி. முதல் நாள் பெய்த மழையில் வாசல் சேறாக இருந்தது. எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கம் ஏழு பேர், அவர்கள் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர். தங்கை தூணுக்கு அந்தப் பக்கம் அம்மாவோடு நின்றாள். மாப்பிள்ளைக்கு எடை கொஞ்சம் ஏறியிருந்தது. தோட்டத்தில் தானே ஊசி போட்டுக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும். கன்னிவாடிக் கம்பவுண்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால் என்னிடம் வந்துதான் மருந்து வாங்கிப் போவார்.

அந்தச் சாவடியில் ஒரு பழக்கம் இருந்தது. ஓர் ஆணிடம் குறை என்று பேச்சு எழுந்தால், அதை அவன் வாயால் சொல்ல வைக்க மாட்டார்கள். சபையில் அந்தச் சொல் வரக்கூடாது. அதற்குப் பதிலாக ஒரு வாசகம் வைத்திருந்தார்கள்: மனசு ஒத்துப்போகவில்லை. ஆள் அதைச் சொன்னால் போதும், ஒருவரும் துருவ மாட்டார்கள். ஆணின் மானத்தைக் காப்பாற்றுகிற நாகரிகமாகவே அவர்கள் அதை நினைத்தார்கள். நானும் அங்கே உட்கார்ந்து அப்படித்தான் நினைத்தேன்.

ஆரம்பத்தில் ஊர்ப் பேச்சுப் பேசினார்கள். மழை, கத்தரி விலை. அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர், வயதானவர், கேலியாகச் சொன்னார்: "ஏப்பு, ஊருக்கெல்லாம் கனகாம்பரம் வண்டியில ஏத்தி அனுப்புறவன், பொண்டாட்டி தலைக்கு ஒரு மொழம் வைக்கக் கையி வரலையாக்கும்?"

"அவன் தோட்டத்துச் செடிகளோடதான் குடும்பம் நடத்துறான்" என்றார் இன்னொருவர். சிலர் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரிக்க முயன்றார்.

நாட்டாமைக்காரர் கையைத் தூக்கினார். "பேச்ச விடுங்கப்பா. ஏம்ப்பா, ஒன்னையத்தான். இந்தப் புள்ளைய வச்சுக் குடும்பம் நடத்த ஒனக்கு இஷ்டமா, இல்லையா?"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். ஒரு கை தூணைப் பிடித்திருந்தது. அவர் எழும்போது கண் இருட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எனக்கு அது என்னவென்று தெரியும். சபைக்கு அவர் திமிராகச் சாய்ந்து நிற்பதைப் போலத்தான் தெரிந்திருக்கும்.

"மனசு ஒத்துப்போகலைங்க" என்றார்.

"இஷ்டமில்ல?"

"இஷ்டமில்ல."

என் சட்டைப்பையில் டாக்டர் எழுதிய தாள் இருந்தது. அன்று ஏன் அதை எடுத்துப் போனேன் என்று எனக்கு இன்றும் தெளிவாகத் தெரியவில்லை. தங்கை எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பார்த்தேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தன் முகத்தைப் பார்த்துப் பேசாத மனிதர் இப்போதாவது தன்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்ததைப் போல இருந்தது. அவர் பார்க்கவில்லை.

கூரையிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை உருவி நாட்டாமைக்காரர் மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அதை இரண்டாகக் கிள்ளி ஒரு பாதியைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டால் கட்டு அத்துவிட்டதாக அர்த்தம். ஈரக்கூரையின் துரும்பு, ஒடியாமல் வளைந்தது. அவர் இரண்டு கையாலும் முறுக்கினார். விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்திருந்ததால் துரும்பு நழுவி ஒருமுறை கீழே விழுந்தது. யாரோ, "அதுக்கும் மனசில்லை போல" என்றார்கள். தங்கை இரண்டடி முன்னால் வந்து கையை நீட்டினாள். அவர் பிய்த்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். பெண்ணிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா, சனியன் விட்டது என்றாள். தங்கை சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

நான் போட்ட கணக்கு பலிக்கவில்லை. அடுத்த மூன்று வருஷத்தில் எரியோட்டிலிருந்து ஓர் இடம் வந்தது, வேடசந்தூர்ப் பக்கமிருந்து ஒன்று. தங்கை இரண்டுக்கும் மாட்டேன் என்றாள். அம்மா திட்டினாள், அழுதாள். ஒருநாள் தங்கை நிதானமாகச் சொன்னாள்: "ஒருத்தருக்கு நாலு மாசத்துல சலிச்சுப்போனேன். இன்னொருத்தருக்கு எத்தன மாசம்னு நீயே சொல்லு." அதற்குப் பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். தலையில் பூ வைத்துக்கொள்ள அவளுக்குத் தடை ஒன்றுமில்லை, அவள் வைக்கவில்லை.

மாப்பிள்ளையின் தங்கைக்குச் செம்பட்டியில் கல்யாணம் நடந்து முடிந்திருந்தது. அப்போதே நான் சொல்லியிருக்கலாம், சத்தியத்துக்கான காரணம் தீர்ந்துவிட்டது. சொல்லவில்லை. நாள் போகப் போக, என்ன நடந்தது என்பதைச் சொல்வதைவிட ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதைச் சொல்வது கடினமாகிக்கொண்டே போயிற்று.

லாட்ஜ் வைத்தியரின் விளம்பரத்தை நான் வாங்குவதில்லை என்று நிறுத்தியிருந்தேன். அவர் நேரே மதுரைக்கு அனுப்பிக்கொண்டார். அதே வாசகம்தான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், கன்னிவாடி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். சாவடியில் அவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர். "ஒங்க பழைய மாப்பிள்ளை போயிட்டாரு, தெரியுமா? மம்பட்டி காலுல பட்டுருச்சு. பட்டதே தெரியலைன்னுருக்காரு. ரெண்டு நாளு செருப்புக்குள்ள ரத்தத்தோட நடந்திருக்காரு. மதுரையில வச்சு முழங்காலோட எடுத்தாக. அப்பவும் புண்ணு நிக்கல. நேத்துத்தான் பொணத்த எடுத்தோம்." கொஞ்சம் தயங்கி, "சர்க்கரையாம்ல. இம்புட்டு நாளா ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் நாலரை மணி. தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை இறந்துவிட்டார் என்றேன். அவள் கை நின்றது. எப்படி என்று கேட்டாள். அதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். ஆசை போகவில்லை என்று அவர் டாக்டரிடம் சொன்னதையும், அதை என் காதால் கேட்டதையும், உடம்புதான் வரவில்லை என்பதையும், ஒரு தங்கையிடம் ஓர் அண்ணன் சொல்லக் கூசுகிற விஷயங்களை, அந்தக் கிழ டாக்டர் பேசியதைப் போலவே ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்ப என்னையப் பிடிக்காம இல்ல."

"இல்ல."

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"சாவடிக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்தேன், அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவரு சொல்ல வேண்டாம்னாரு, சரி. அவருக்குத் தங்கச்சி இருந்துச்சு" என்றாள். மேலே எதுவோ சொல்லப்போய் நிறுத்திக்கொண்டாள்.

கன்னிவாடிக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு, போவதானால் நானும் வருகிறேன் என்றேன்.

"போயி? அங்க நான் யாருன்னு நிக்கிறது?"

 அத்துவிட்டவளுக்கு அழுகிற பெண்களோடு உட்கார இடம் கிடையாது. அவள் எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, சுளகை எடுத்து, மிச்ச அரிசியையும் பொறுக்கி முடித்தாள். அம்மா கோயிலிலிருந்து வந்து விபூதியை நீட்டியபோது வாங்கி இட்டுக்கொண்டாள். அம்மாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.